நோட்டை ஒரு வருடம் மூடி வையுங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஜனவரியில் 4 வயது முடிந்தது. போன ஜூனில் பக்கத்து ஊர் ஆங்கிலவழிப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தோம். தினமும் அழுகை, அடிக்கடி காய்ச்சல். தீபாவளிக்கு அப்புறம் நிறுத்திவிட்டேன். நான் பி.காம். படித்தவள், வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை போராட்டம்தான். இரண்டு வரி எழுதுவாள், தண்ணீர் கேட்பாள், பாத்ரூம் என்பாள், எழுந்து ஓடிவிடுவாள். இன்னும் ‘அ’ சரியாக எழுத வரவில்லை. 10 மாதக் கைக்குழந்தை வேறு இருக்கிறான். கணவர் லாரி டிரைவர், வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர இருபது நாள் ஆகும். “பக்கத்து வீட்டுப் பையன் இங்கிலீஷ் ரைம்ஸ் சொல்றான், நீ பிள்ளைய வீட்ல வெச்சுக் கெடுக்கிற” என்கிறார் மாமியார். போன வாரம் கோபத்தில் அடிஸ்கேலால் அடித்துவிட்டேன். இப்போது நோட்டை எடுத்து வரும்போதே “அடிக்க மாட்டியேம்மா?” என்று கேட்கிறாள். நான் சொல்லிக்கொடுக்க லாயக்கில்லாதவளா? வரும் ஜூனில் பள்ளியில் சேர்க்காவிட்டால் சட்டப்படி தப்பா? எல்.கே.ஜி., யு.கே.ஜி. படிக்காத பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் எடுத்துக்கொள்வார்களா? இடது கையால்தான் எழுதுகிறாள், அதை மாற்ற வேண்டுமா?

— பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

குழந்தை வளர்ச்சி ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டத்தைப் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. எல்.கே.ஜி.யும் யு.கே.ஜி.யும் படித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஜூலை 31ஆம் தேதிக்குள் 5 வயது நிறைந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். கேந்திரிய வித்யாலயாவில் 6 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியது அடுத்த வருட ஜூனில். ஒரு வருடத்துக்கு மேல் உங்கள் கையில் இருக்கிறது.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்துப் பொறுக்கி எடுப்பதையும் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள். எழுத்தே தெரியாமல் வரும் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு.

இனி உங்கள் மகளைப் பற்றிப் பேசுவோம். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பாருங்கள். மகனுக்கு இப்போது 10 மாதம். அப்படியானால், போன ஜூனில் மகளைப் பள்ளிக்கு அனுப்பியபோது அவன் பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். மூன்றரை வயதுகூட நிறையாத பிள்ளை. புதிதாக ஒரு குழந்தை வந்து அம்மா மடியில் படுத்துக்கொண்டது, அதே மாதத்தில் தன்னை மட்டும் வேனில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். அந்த அழுகையைப் படிப்புப் பிடிக்காத அழுகை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். காய்ச்சலுக்கும் பயப்பட வேண்டாம். வீட்டிலேயே இருந்த பிள்ளை முதல் முதலாகப் பத்துப் பிள்ளைகளோடு சேரும்போது சளியும் காய்ச்சலும் மாறி மாறி வருவது வழக்கம்தான். பள்ளியை நிறுத்தியதில் நீங்கள் எதையும் கெடுத்துவிடவில்லை.

நிறுத்திய பிறகு வீட்டுக்குள் அதே பள்ளிக்கூடத்தைத் திறந்ததுதான் சிக்கல். பத்து மணிக்கு மணியடித்தது போல உட்கார வைத்து, நாலு கோடு நோட்டு, பென்சில், பக்கத்தில் ஸ்கேல். லாயக்கா இல்லையா என்று கேட்டீர்கள். நீங்கள் கொடுத்த வேலை நாலு வயதுக் கையால் செய்ய முடியாத வேலை. இருபது வருடம் அனுபவம் உள்ள ஆசிரியர் வந்து உட்கார்ந்தாலும் அவள் தண்ணீர் கேட்டுவிட்டு ஓடத்தான் செய்வாள்.

‘அ’வை நீங்களே ஒரு முறை மிக மெதுவாக எழுதிப் பாருங்கள். சின்னச் சுழி, அதைச் சுற்றி ஒரு வளைவு, குறுக்கே வலப்பக்கம் ஓட்டம், கடைசியில் நேராக ஒரு கோடு. கை எத்தனை தடவை திசை மாறுகிறது என்று கவனியுங்கள். நம் எழுத்துகளில் எழுதக் கஷ்டமானவற்றில் அதுவும் ஒன்று. அகர வரிசையில் முதலில் இருப்பதால் அதையே முதலில் எழுதச் சொல்கிறோம். ‘ட’ எழுத இரண்டு கோடு போதும். கீழே இறங்கி, வலப்பக்கம் போய், மேலே ஏறினால் ‘ப’. அதோடு ‘ம’வையும் புள்ளியையும் சேர்த்துக்கொண்டால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசிக்க வந்துவிடும். வாசிப்பு இந்த வழியில் சீக்கிரம் வரும். எழுத்துக்குத்தான் அவசரம் கூடாது என்கிறேன்.

கையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. வருடக் கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும். நாலு வயதில் அந்த வேலை பாதியில் நிற்கிறது. பென்சிலை மூன்று விரலால் பிடித்து, கோட்டுக்கு வெளியே போகாமல் வளைத்து எழுதும் திறமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் கூடிவரும். ஆறு, ஏழு வயது வரை சில எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதுவதும் சகஜம். அதனால் நாலு கோடு நோட்டையும் ஸ்கேலையும் அலமாரி மேல் ஏற்றிவிடுங்கள். ஒரு வருடம் அங்கேயே இருக்கட்டும்.

நோட்டு இல்லாமல் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்பீர்கள். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கோலப்பொடியைக் கிள்ளி எடுக்கும் விரல்களைப் பாருங்கள்: பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். பென்சில் பிடிக்கும் பிடியும் அதேதான். முதலில் புள்ளி மட்டும் வைக்கட்டும். மூன்று புள்ளி, மூன்று வரிசை. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே ஒரே அளவு இடம் விடப் பழகுவதே பெரிய கணக்கு. அப்புறம் புள்ளியையும் புள்ளியையும் சேர்த்துக் கோடு இழுக்கட்டும், அதன் பிறகு சுற்றி வளைக்கட்டும். வளைக்கும் அந்தக் கை ஒரு நாள் ‘அ’வையும் வளைக்கும். பூண்டு உரிப்பது, காயும் துணிக்குக் கிளிப் மாட்டுவது, சப்பாத்தி மாவைக் கிள்ளி உருட்டுவது, கீரை ஆய்வது எல்லாம் இதே விரல்களுக்குத்தான் வேலை. வேகமாக முடிய வேண்டும் என்று எதிர்பார்க்காமல் நாலு பல் பூண்டு மட்டும் அவள் பங்குக்குக் கொடுங்கள்.

கணக்குக்கு முட்டை அட்டை போதும். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆறு குழி ஒரு வரிசை, ஐந்து வரிசை, மொத்தம் 30. ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டையைப் போட்டுக் கொடுத்து, குழிக்கு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் ஒரு வரிசை போதும். வைத்து முடித்ததும் இரண்டை எடுத்துவிட்டு “இப்போ எத்தனை இருக்கு?” என்று கேளுங்கள். எண்ணிப் பார்த்துத்தான் சொல்வாள், சொல்லட்டும். கொஞ்ச நாளில் எண்ணாமலே நாலு என்பாள். ஒன்று முதல் நூறு வரை பாட்டாக ஒப்பிக்கத் தெரிந்து, ஏழு கொட்டை எடுத்து வரச் சொன்னால் விழிக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். எண்ணும் அளவும் கையில் சேர்ந்து நிற்பதுதான் கணக்கு. பத்து வரை அப்படி நின்றால் இந்த வருடத்துக்கு அது தாராளம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தம்பி இப்போது தவழ்ந்து வந்து கிடைத்ததை எல்லாம் வாயில் போடும் வயதில் இருக்கிறான். கொட்டை, கடலை, மொச்சை எல்லாம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவன் தூங்கும்போது மட்டும் அவற்றை எடுங்கள். முடிந்ததும் அவளையே எண்ணி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

பேச்சுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம், அதை வீடு கொடுப்பது போல வேறு எந்த இடமும் கொடுக்க முடியாது. வகுப்பறையில் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர். ஒரு பிள்ளை கேட்டு, பெரியவர் பதில் சொல்லி, பிள்ளை மறுபடி கேட்பது அங்கே எத்தனை முறை நடக்கும்? ராத்திரி மாவு கரைக்கும்போது கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். காலையில் மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி ஏறியிருக்கும். “யார் ஊத்தினாங்க?” என்று கேட்பாள். உடனே பதில் சொல்லாதீர்கள், “நீ என்ன நெனைக்கிற?” என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னாலும் முழு வாக்கியமாகச் சொல்லட்டும். ஏன், எப்படி, ஒருவேளை, அதனால்தான் என்று பேசத் தெரிந்த பிள்ளைக்கு, நாளைக்கு எந்தப் பாடத்தையும் வாசித்துப் புரிந்துகொள்வது சுலபமாக இருக்கும். இங்கிலீஷும் அப்படிப்பட்ட தமிழின் மேல்தான் நன்றாக ஏறும்.

ஏ, பி, சி, டி பற்றி மாமியார் கவலைப்படுகிறார் என்றால் உங்கள் கணவரைக் கேளுங்கள். லாரி நம்பர் பிளேட் அவளுக்கு நல்ல புத்தகம். டி.என். 28 நம் ஊர் வண்டி, கே.ஏ. கர்நாடகா, ஏ.பி. ஆந்திரா, எம்.எச். மகாராஷ்டிரா. மெயின் ரோட்டுப் பக்கம் போகும்போது வண்டிகளைப் பார்த்து எழுத்துகளைச் சொல்லட்டும். தினமும் போனில் “சாப்டியா, சமத்தா இருக்கியா” என்று கேட்பதோடு அவர் நிறுத்திவிடாமல், வழியில் பார்த்த ஒன்றைச் சொல்லட்டும். ஆற்றுப் பாலம், ஆரஞ்சுத் தோட்டம், செக்போஸ்டில் வரிசையாக நிற்கும் வண்டிகள், எது வேண்டுமானாலும் சரி. சுவரில் ஓர் இந்திய வரைபடத்தை ஒட்டி, அப்பா இன்று எந்த ஊரில் என்று ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்கள். இருபது நாள் வீட்டில் இல்லாத அப்பாவும் இப்படி அவள் படிப்பில் இருப்பார். அவள் வரையும் படம் ஒன்றை அடுத்த ட்ரிப்பில் வண்டிக் கேபினில் ஒட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கதைப் புத்தகம் தினம் ஒன்று, உங்கள் மடியில் உட்கார வைத்து. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் படியுங்கள். எழுத்தும் ஒலியும் அவள் மனதில் ஒட்டுவது அந்த நாலாவது ஐந்தாவது முறையில்தான். செல்போன் ரைம்ஸ் விஷயத்தில், 3, 4 வயதுப் பிள்ளைக்கு எல்லாத் திரையும் சேர்த்து ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. குறைந்தால் நல்லது.

உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அதுவும் காலை பத்து மணி வேண்டாம். சமையல், துணி, கைக்குழந்தையின் தூக்கம் எல்லாம் மோதும் நேரம் அது. அந்த இரண்டு மணி நேரத்தில் வந்த கோபத்தில் பாதி கடிகாரத்தின் மேல் வந்த கோபம் என்றே நினைக்கிறேன். சாயங்காலம் அவள் தூங்கி எழுந்து, பால் குடித்த பிறகு உட்காருங்கள்.

அடித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். “அடிக்க மாட்டியேம்மா” என்று இன்னும் உங்களிடமே வந்து கேட்கிறாளே, அந்த நம்பிக்கை போகவில்லை. அவளைக் கூப்பிட்டு, கண்ணைப் பார்த்து, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: “அன்னைக்கு அம்மா அடிச்சது தப்பு. எழுத வரலைன்னு இனிமே அடிக்க மாட்டேன்.” அவள் முன்னாலேயே ஸ்கேலை எடுத்து அலமாரி மேல் வையுங்கள். நீயும் ஒழுங்காக எழுத வேண்டும் என்று நிபந்தனை எதையும் சேர்க்காதீர்கள். மறுபடி கோபம் ஏறும்போது, நடந்துகொண்டிருக்கும் விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். பாதியில் விட்டதால் எந்தப் பாடமும் கெட்டுப்போகாது. அடிக்குப் பயந்து கற்கும் பிள்ளையின் மனம் எழுத்தின் மேல் இருக்காது, உங்கள் கையின் மேல்தான் இருக்கும்.

உங்களைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்? 10 மாதக் குழந்தை, கணவர் ஊரில் இல்லை, பகலெல்லாம் ஒரு பிள்ளை காலைச் சுற்றுகிறது. இந்தத் தூக்கத்தில் யாருக்கும் பொறுமை நிற்காது. மகன் மதியம் தூங்கும்போது பாத்திரத்தைப் போட்டுவிட்டு நீங்களும் படுங்கள். காரணமில்லாமல் அழுகை வருவது, எதிலும் மனம் ஒட்டாதது, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் பிடிக்காதது, பிள்ளைகளை என்னவாவது செய்துவிடுவேனோ என்ற பயம், இவை இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். ஒரு வருடம் கழித்துக்கூட இருக்கும், மருத்துவத்தில் சரியாகும். அந்தப் பயம் வந்தாலோ, செத்துப்போகலாம் என்று தோன்றினாலோ இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம், அன்றே பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

மாமியாரிடம் வாதாட வேண்டாம், வேலை கொடுங்கள். பல்லாங்குழி வீட்டில் இருந்தால் அவர்தான் பேத்திக்கு ஆடச் சொல்லித்தர வேண்டும். பதினாலு குழியிலும் சோழி போட்டு, எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதில் கூட்டல் கழித்தல் இரண்டும் இருக்கின்றன. “அத்தை, கதை சொல்ற நேரம் உங்களோடது” என்று ராத்திரி அரை மணி நேரத்தை அவரிடம் ஒப்படையுங்கள். பேத்தி பத்துக் கொட்டையைத் தப்பில்லாமல் எண்ணுவதை அவர் கண்ணால் பார்க்கட்டும், பக்கத்து வீட்டு ரைம்ஸ் பேச்சு தானாகக் குறையும்.

வரும் ஜூனில் என்ன செய்வது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் பக்கத்து அங்கன்வாடியில் சேர்ப்பேன். கட்டணம் இல்லை, வீட்டுக்குப் பக்கம், மதியச் சாப்பாடு உண்டு, ஹோம்வொர்க் கிடையாது. அவளுக்கு வீட்டில் கிடைக்காத ஒன்று, சம வயதுப் பிள்ளைகள், அங்கே கிடைப்பார்கள். சேர்க்கும் முன் ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் ஆடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தால் நல்ல இடம். கை கட்டி உட்கார்ந்திருந்தால் வேறு அங்கன்வாடியோ, நடந்து போகும் தூரத்தில் விளையாட விடும் ஒரு நர்சரியோ தேடுங்கள். முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று கூட்டுங்கள். விட்டுவிட்டு வரும்போது ஒளிந்து ஓடி வராமல், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். 6 வயதுக்கு அப்புறமும் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் சில இருக்கின்றன. அதற்கு வீட்டில் இன்னொரு பெரியவரின் முழு நேரத் துணை வேண்டும். உங்கள் சூழ்நிலையில் அதை நான் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள். அவள் முழு வாக்கியமாகப் பேசுகிறாளா, வெளியாட்களுக்கு அவள் பேச்சு புரிகிறதா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறாளா? இதில் சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காதும் கண்ணும் சரியாக இருந்தால் போதும்.

இடது கையை மாற்றவே வேண்டாம். அது மூளையின் அமைப்பு, கெட்ட பழக்கம் கிடையாது. கட்டாயப்படுத்தி மாற்றினால் எழுத்தின் மேல் வெறுப்புத்தான் மிஞ்சும். சாப்பிட மட்டும் வலது கை என்று அத்தை ஆசைப்பட்டால் மெதுவாகப் பழக்கிப் பார்க்கலாம், பல பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். கோலப்பொடி, பலப்பம், கிரேயான் எல்லாம் அவள் எடுக்கும் கையிலேயே இருக்கட்டும். தாளில் வரையும்போது தாளின் மேல்பக்கம் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் மணிக்கட்டை மடக்காமல் வரைய வரும். அங்கன்வாடியிலோ பள்ளியிலோ சேர்க்கும் அன்றே டீச்சரிடம் சொல்லி, வரிசையில் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.